வீட்டினுள் வந்த மான்கொம்புப் பெரணியில் அடி அழுகல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெளி நிழலில் பல ஆண்டுகள் செழித்திருந்த ஒரு மான்கொம்புப் பெரணி, வீட்டினுள் மாற்றப்பட்ட சில மாதங்களில் அடிப்பகுதி அழுகி, தாய்ச்செடி மடிந்து, பக்கக் கன்றுகளில் சில மட்டும் பிழைத்தன. அந்த நிகழ்வை இங்கே தொடக்கம் முதல் பதிவு செய்கிறேன். செடிக்கு உரியவர்கள் ஒரு மூத்த பெண்மணியும் அவருடைய மகனும். இருவரும் தொட்டிச்செடிகளை நன்றாக வளர்த்துப் பழகியவர்கள் என்பதையும், செடியை ஒரு நாள் கூடக் கவனிக்காமல் விட்டவர்கள் அல்லர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் செடி கவனிப்புக் குறைவால் கெடவில்லை; தொட்டிச்செடிக்கு உரிய கவனிப்பு, மண்ணே இல்லாமல் வாழும் ஒரு செடிக்குத் தரப்பட்டதால் கெட்டது.

செடி பிளாட்டிசீரியம் பைஃபர்கேட்டம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. கிழக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பகுதிகளிலும் லார்ட் ஹாவ் தீவிலும் மரங்களின் மேல் தொற்றி வளர்வது. பிளாட்டிசீரியம் பேரினத்தின் சுமார் 18 இனங்களில் வீடுகளில் மிக அதிகமாக வளர்க்கப்படுவதும் இதுவே. மரத்திலிருந்து இது உணவை உறிஞ்சுவதில்லை. பிடித்து நிற்க மட்டும் மரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, மழைநீரிலிருந்தும் விழும் சருகிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது.

இந்தச் செடியில் இரண்டு வகை இலைகள் உள்ளன. நிகழ்வு முழுவதும் அவற்றைச் சுற்றியே நகர்வதால் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கேடய இலைகள் வட்டமாக வளர்ந்து பலகையையோ மரப்பட்டையையோ அணைத்து, வேர்களின் மேல் போர்வையாகப் படிகின்றன. முளைக்கும்போது வெளிர்பச்சையாக இருந்து, வளர்ச்சி முடிந்ததும் பழுப்பாகிக் காகிதம் போல் உலர்ந்துவிடும், உதிராது. அதன்மேல் அடுத்த கேடய இலை படியும். இப்படி அடுக்கடுக்காகச் சேரும் உலர்ந்த இலைகள்தான் நீரையும் சருகையும் பிடித்து வைத்து, வேரைக் காக்கின்றன. கொம்பு இலைகள் கிளைத்துத் தொங்குபவை. அவற்றின் நுனியின் அடிப்புறத்தில் ஸ்போர்கள், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி இனம்பெருக்கும் நுண்துகள்கள், பழுப்பு நிறத் திட்டாகப் படியும். இலைகள் அனைத்தும் நடுவில் உள்ள ஒரே குருத்திலிருந்து வெளிவருகின்றன. குருத்து போனால் அந்தச் செடி அதோடு முடிந்தது. வேரிலிருந்து கிளம்பிய பக்கக் கன்றுகள் மட்டுமே மிஞ்சும்.

மாற்றப்பட்ட இடம்

ஓர் உறவினர் வீடு மாறும்போது செடியை, அது கட்டி வளர்க்கப்பட்ட பலகையோடு இவர்களிடம் கொடுத்தார். அதுவரை அது ஒரு பெரிய மரத்தின் நிழலில், வெளிச்சுவரில் தொங்கியிருந்தது. கொடுத்தவர் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்று: தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். அவர் இருந்த இடத்துக்கு அது சரியான அறிவுரைதான். காற்று நாள் முழுவதும் வீசும் சுவரில் காலையில் நனைத்த பலகை மாலைக்குள் உலர்ந்துவிடும். ஆனால் அறிவுரை மட்டும் செடியோடு வந்தது, காற்று வரவில்லை.

புதிய வீட்டில் செடி வரவேற்பறையின் உட்சுவரில், ஜன்னலிலிருந்து தள்ளி, கண்ணுக்கு அழகாகத் தெரியும் உயரத்தில் மாட்டப்பட்டது. பலகையின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்தது. பின்னாளில் கைப்பேசிச் செயலி ஒன்றால் அளந்தபோது, நண்பகலில் அங்கே சுமார் 300 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளியே இருந்தது. மனிதக் கண்ணுக்கு அந்த அறை வெளிச்சமாகவே தெரியும். கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும், செடியால் அது முடியாது. ஒளி குறைந்தால் செடியின் வளர்ச்சி குறையும், வளர்ச்சி குறைந்தால் அது குடிக்கும் நீரும் குறையும். அப்போது பழைய அளவிலேயே ஊற்றப்படும் நீர், பலகையில் வேரைச் சுற்றி வைத்திருக்கும் பாசியிலேயே தங்கிவிடுகிறது.

நோயாகத் தோன்றியவை

முதல் சில வாரங்களில் பெண்மணியின் கண்ணில் மூன்று விஷயங்கள் பட்டன. அடியில் இலைகள் பழுப்பாகக் காய்ந்திருந்தன. கொம்பு இலைகளின் மேல் வெண்மையான மெல்லிய பூச்சு இருந்தது. இரண்டு இலைகளின் நுனியில் துருப்பிடித்தது போன்ற திட்டு பரவியிருந்தது. மூன்றுமே தொட்டிச்செடியில் தென்பட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டியவைதான், அவரும் எடுத்தார். காய்ந்த கேடய இலைகளின் வெளி அடுக்குகளை உரித்துச் சுத்தம் செய்தார். வெண்பூச்சை மாவுப்பூச்சியின் தொடக்கம் என்று எண்ணி, ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தார். நுனித் திட்டுகளுக்கு மகன் பூஞ்சைக்கொல்லி தெளித்தார். திட்டு மறையாததால் மறுபடியும் தெளித்தார்.

மூன்றில் எதுவும் நோய் அல்ல. பழுப்பு இலைகள் மேலே சொன்ன கேடய அடுக்குகள். நுனித் திட்டு ஸ்போர்கள். செடி முதிர்ந்து நலமாக இருப்பதன் அடையாளம். வெண்பூச்சு என்பது இலையின் மேல் அடர்ந்திருக்கும் நட்சத்திர வடிவ நுண்ரோமங்கள். நீர் ஆவியாவதைக் குறைப்பது அவற்றின் வேலை. முதிர்ந்த இலையில் ஒருமுறை துடைத்து எடுத்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. மாவுப்பூச்சியிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமும் அல்ல: ரோமம் இலை முழுவதும் சீராகப் படர்ந்து, சாய்த்துப் பார்த்தால் வெல்வெட்டு போல் தெரியும், மாவுப்பூச்சி காம்பின் இடுக்குகளிலும் இலைப் பிளவுகளிலும் பஞ்சுத் துளிகளாகத் திரண்டிருக்கும், ஊசிமுனையால் தொட்டால் பிசுபிசுக்கும்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. இந்தப் பெரணிக்கு வாழைப்பழத் தோலை உரமாக வைப்பது பலரிடம் உள்ள வழக்கம். கேடய இலைகளின் மேல்விளிம்புக்குப் பின்னால் தோல்கள் செருகப்பட்டன. காட்டில் அந்த இடத்தில் சருகு விழுந்து மக்குவது உண்மை. ஆனால் காற்றோட்டமில்லாத உட்சுவரில், தினமும் நனையும் பாசியின் மேல், தோல் மக்குவதற்குப் பதில் அழுகியது. சிறு ஈக்கள் மொய்த்தன. ஈக்களைப் பார்த்ததும் கழுவிவிட வேண்டும் என்று மேலும் தண்ணீர் ஊற்றப்பட்டது.

சரிவு

உண்மையான நோயின் முதல் அடையாளம், நடுவில் புதிதாக விரிந்துகொண்டிருந்த பச்சைக் கேடய இலையில் தோன்றிய ஒரு கரும்புள்ளி. விரல்நுனி அளவு இருந்த அது, ஓரத்தில் நீர்கோத்தது போல் பளபளப்பாக இருந்தது. ஆனால் பழுப்புத் திட்டுகளுக்கு நடுவே கரும்புள்ளி ஒன்று தனியாக எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை. அடுத்ததாகக் கொம்பு இலைகள் விறைப்பு இழந்து தொங்கத் தொடங்கின. "அம்மா, இலை எல்லாம் துவண்டு போச்சு பாருங்க, தண்ணி பத்தலை" என்று மகன் சொல்ல, காலையில் மட்டும் தெளித்த தண்ணீர் மாலையிலும் தெளிக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான தொற்றுச்செடிகள் போகின்றன என்பது என் கருத்து. தாகத்தால் துவளும் இலையும், வேர் அழுகியதால் துவளும் இலையும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஏனெனில் இரண்டிலும் இலைக்கு நீர் போய்ச் சேரவில்லை. ஒன்றில் நீரே இல்லை. மற்றதில் நீர் இருந்தும் அதை எடுக்க வேர் இல்லை. இலையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கையைப் பாசிக்குள் விட்டுத்தான் சொல்ல முடியும்.

நேரில் ஆய்வு

என்னிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது செடியின் அகலம் இன்னும் ஒரு கை நீளம் இருந்தது. தொலைவிலிருந்து பார்ப்பவர் அதைப் பெரிய நோயாளி என்று சொல்லமாட்டார். பலகையைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் கிடத்தினோம். பின்புறம் முழுவதும் ஈரம். சுவரில் பலகையின் வடிவத்திலேயே பூசணம் பூத்திருந்தது. தூக்குத் தராசில் எடை 4.6 கிலோ. அன்று தண்ணீர் எதுவும் தெளிக்கப்படவில்லை என்பதால் அந்த எடையில் கணிசமான பகுதி, முந்தைய நாட்களில் தேங்கிய நீர் என்பது தெளிவானது. முற்றிலும் உலர்ந்தபின் அதே பலகை 3.1 கிலோ நின்றது.

கேடய அடுக்குகளை விரலால் அழுத்திப் பார்த்தோம். மேல்பாதியில் உலர்ந்த அடுக்குகள் சரசரத்தன, அழுத்தினால் மீண்டு எழுந்தன. கீழ்ப்பாதியில் விரல் உள்ளே அமிழ்ந்தது. எடுத்த விரலில் கறுப்புக் கூழும், தேங்கிய சாக்கடையின் வாடையும் ஒட்டியிருந்தன. புளிப்பில்லாத மண்வாடை வீசினால் பாசி மக்குகிறது, கெட்ட வாடை வீசினால் வேர் அழுகுகிறது என்று கொள்ளலாம். குருத்தை ஒட்டியிருந்த ஒரு கொம்பு இலையை மெல்ல இழுத்தபோது, எதிர்ப்பே இல்லாமல் அடியோடு கையில் வந்தது. நலமான செடியில் கொம்பு இலையை இழுத்தால் பலகையே கூட எழும்பும். குருத்தின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பழுப்பாகி மென்மையாக இருந்தது.

பக்கக் கன்றுகள் ஐந்து இருந்தன. மூன்று மேல்பாதியில், இரண்டு கீழே. மேலே இருந்தவற்றின் சிறு கேடய இலைகள் பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தன. கீழ் இரண்டில் ஒன்றின் அடியில் கரும்புள்ளி தொடங்கியிருந்தது.

அளவுக்கு மீறிய ஈரத்தில் மான்கொம்புப் பெரணியின் கேடய இலைகளில் கரும்புள்ளியாகத் தொடங்கி மேல்நோக்கிப் பரவும் அழுகல், ரைசோக்டோனியா என்னும் பூஞ்சையால் உண்டாவது நன்கு அறியப்பட்டது. இங்கே ஆய்வகச் சோதனை செய்யப்படவில்லை, ஆகவே அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. எந்தக் கிருமியாக இருந்தாலும் முதல் மருந்து ஒன்றேதான்: நீரை நிறுத்துவது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தண்ணீர் முற்றிலும் நிறுத்தப்பட்டது. எடை 3.3 கிலோவுக்கு இறங்கும் வரை ஒரு துளியும் தெளிப்பதில்லை என்று எழுதி வைத்தோம். நாள் கணக்கு வைக்காமல் எடைக் கணக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. உலரும் வேகம் காற்றையும் வெப்பத்தையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். எடை ஒன்றே பாசிக்குள் உள்ள நீரை நேராகச் சொல்லும்.

செடி ஜன்னலோரத்துக்கு, காற்று குறுக்கே ஓடும் இடத்துக்கு மாற்றப்பட்டது. பலகைக்கும் பின்சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி மரக்கட்டைகள் வைத்தோம். வெயிலில் வைத்தால் வேகமாக உலருமே என்று மகன் கேட்டார். அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாதக்கணக்கில் இருட்டுக்குப் பழகிய இலைகள், அதுவும் ரோமம் துடைக்கப்பட்டவை, நேர்வெயிலில் கருகிவிடும். ஒளி வேண்டும், வெயில் வேண்டாம்.

வாழைப்பழத் தோல்கள் எடுக்கப்பட்டன. உரம் நிறுத்தப்பட்டது, வேரில்லாத செடிக்கு உரம் உப்பாகச் சேருமே தவிர உணவாகாது. கரும்புள்ளி கண்ட திசுக்கள், தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால், பச்சைத் திசு தெரியும்வரை வெட்டி எடுக்கப்பட்டன. உலர்ந்த கேடய அடுக்குகளில் எதையும் இனி உரிப்பதில்லை என்றும் முடிவானது. கூழாகிப்போன கீழ்ப்பகுதி மட்டும் கரண்டியால் வழித்து நீக்கப்பட்டது.

நீண்ட பேச்சுக்கு இடமான கேள்வி கன்றுகளைப் பற்றியது. உடனே ஐந்தையும் பிரித்துவிட வேண்டும் என்பது பெண்மணியின் விருப்பம். நான் தயங்கினேன். மேல் மூன்று கன்றுகளில் எதுவும் உள்ளங்கை அகலத்தை எட்டவில்லை. அந்த அளவில் கன்றுக்கென்று தனி வேர்த்திரள் குறைவு, தாயின் கேடய அடுக்குகளுக்குள்ளேயே அதன் வேர் ஓடும். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் அழுகல் புகும் அச்சமும் இருந்தது. முதலில் உலரட்டும், பிறகு பிரிக்கலாம் என்று ஒப்புக்கொண்டோம்.

மகன் இன்னும் வலிமையான பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாம் என்றார். அதைத் தவிர்த்தோம். தெளிப்பு மருந்தும் நீரோடுதான் வரும். உலர்த்த வேண்டிய இடத்தை அது மறுபடியும் நனைக்கும். ஏற்கெனவே இரண்டு முறை தெளித்தும் அழுகல் நிற்கவில்லை என்பதும் முன்னால் இருந்தது.

பின்தொடர்ந்தவை

தண்ணீரை நிறுத்தியதும் செடி தேறிவிடவில்லை. பழைய கொம்பு இலைகள் மேலும் துவண்டு, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இந்தக் காலம் அந்தப் பெண்மணிக்குக் கடினமாக இருந்தது; துவண்ட செடியைப் பார்த்துக்கொண்டு தண்ணீர்க் குவளையைத் தொடாமல் இருப்பது, செடி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த கடினங்களில் ஒன்று. அவர் தினமும் எடை பார்த்துக் குறித்தார். அந்தக் குறிப்பேடுதான் அவரைத் தாங்கியது என்று நினைக்கிறேன்.

எடை இறங்க இறங்க, வெட்டப்பட்ட ஓரங்கள் உலர்ந்து விறைத்தன. கரும்புள்ளி அதன்பின் மேல்நோக்கிப் பரவவில்லை. ஆனால் தாயின் குருத்து பிழைக்கவில்லை. பச்சையாக இருந்த பாதியும் மெல்ல மஞ்சளாகி உள்வாங்கியது. கீழே இருந்த இரண்டு கன்றுகளும் அதோடு போயின. பலகையில் ஈரம் எப்போதும் கீழே இறங்கித் தேங்கும் என்பதால் அவை முதலிலிருந்தே மோசமான இடத்தில் இருந்தன.

தாய் போய்விட்டது உறுதியானதும், மேல் மூன்று கன்றுகளில் இரண்டைப் பிரித்தோம். கன்றைத் தனியாகக் கிள்ளாமல், அதைச் சுற்றியுள்ள தாயின் உலர்ந்த கேடய அடுக்கையும் வேரையும் உள்ளடக்கி, அடைபோல் வட்டமாக வெட்டி எடுத்தோம். சொரசொரப்பான இரண்டு சிறு பலகைகளில் நீர் வடியத் துளைகள் இட்டு, ஸ்பாக்னம் பாசியை மெல்லிய படுகையாகப் பரப்பி, அதன்மேல் கன்றைப் பதித்து, நைலான் நரம்பால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். நரம்பு கேடய இலையின் மேல் மட்டுமே ஓட வேண்டும்; குருத்தின் மேல் ஒரு சுற்று விழுந்தாலும் புதிய இலை நசுங்கிப் பிறக்கும்.

மூன்றாவது கன்று பலகையின் மேல்விளிம்பில் இருந்தது. அதன் வேர்கள் தாயின் மேல் அடுக்குகள் முழுவதிலும் ஊடுருவியிருந்ததால், வெட்டினால் பாதி வேர் போய்விடும். அதைப் பழைய பலகையிலேயே, மடிந்த தாயின் உலர்ந்த கேடயங்களின் மேலேயே விட்டுவிட்டோம்.

பிரிக்கப்பட்ட இரண்டும் நெடுநாள் அசையாமல் இருந்து, பிறகு ஒவ்வொன்றும் ஒரு சிறு கேடய இலையை விட்டன. பழைய பலகையில் விடப்பட்டது அவற்றுக்கு முன்பே புதிய இலை விட்டு, கொம்பு இலைகளையும் நீட்டி, அளவில் இரண்டையும் மிஞ்சிவிட்டது. மூன்றும் ஒரே ஜன்னலோரத்தில், ஒரே எடைக் கணக்கில் நீர் பெற்றவை. ஒரு வேறுபாடு மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது: மூன்றாவதற்குத் தாயின் பழைய அடுக்குகள் முழுமையாகக் கிடைத்தன. பிரித்தவற்றின் வேர் அறுபட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்று கன்றுகளை வைத்துக்கொண்டு பெரிய முடிவு எதுவும் சொல்ல முடியாது.

ஆனாலும் இது இந்தச் செடியின் இயல்போடு பொருந்துகிறது. வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் கெவின் பர்ன்ஸும் அவருடைய குழுவினரும் லார்ட் ஹாவ் தீவில் இதே இனத்தை ஆராய்ந்து, 2021இல் 'எகாலஜி' ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே கூட்டமாக வளரும் இந்தப் பெரணிகளிடையே வேலைப் பங்கீடு இருக்கிறது, சில இலைகள் நீரைப் பிடித்து வைக்கின்றன, சில இலைகள் ஸ்போர் உண்டாக்குகின்றன, ஒரு கூட்டத்தின் செடிகள் பெரும்பாலும் மரபணுவில் ஒன்றாகவே இருக்கின்றன என்று அவர்கள் காட்டினர். தாய், கன்று என்று நாம் பிரித்துச் சொல்வது செடிக்கு ஒரே நீர்த்தொட்டியைப் பகிரும் ஓர் உடல். முதல் வாரங்களில் சுத்தம் என்று உரித்தெறியப்பட்ட பழுப்பு அடுக்குகள் அந்தத் தொட்டியின் சுவர்கள்.

இப்போதைய பராமரிப்பு

மூன்று பலகைகளும் நண்பகலில் 5,000 லக்ஸுக்கு மேல் ஒளி உள்ள, நேர்வெயில் படாத இடத்தில் தொங்குகின்றன. இலை மேல் தினசரித் தெளிப்பு கிடையாது. எடை இறங்கியதும் பலகையை ஒரு வாளி நீரில் கால்மணி நேரம் அமிழ்த்தி, சொட்டு நிற்கும்வரை சாய்த்து வைத்துவிட்டு மாட்டுகிறார்கள். வெப்பமும் காற்றும் மிகுந்த நாட்களில் வாரம் ஒருமுறைக்கு மேல் தேவைப்படுகிறது. குளிர்ந்த, மூடாக்கான நாட்களில் இரண்டு வாரம் கூடப் போகிறது. புதிய இலை வளரும் பருவத்தில் மட்டும், பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு கரைத்த உரம் மாதம் ஒருமுறை அந்த வாளி நீரிலேயே சேர்க்கப்படுகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் போகாதவரை இடத்தை மாற்றத் தேவையில்லை. தூசு படிந்தால் துணி தொடுவதில்லை; மென்மையான காற்றோ, பலகையை அமிழ்த்தி எடுக்கும்போது வடியும் நீரோ போதும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இத்தகைய செடி கைமாறும்போது, எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்கு முன்னால், நனைத்த பலகை எவ்வளவு நேரத்தில் உலர்ந்தது என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். புதிய இடத்தில் முதல் முறை நனைத்தவுடன் ஓர் எடையும், முழுதும் உலர்ந்தபின் ஓர் எடையும் எடுத்துப் பலகையின் பின்புறம் எழுதி வைத்தால், இந்த நிகழ்வில் நடந்ததில் பெரும்பகுதி நடந்திருக்காது.

வெளியிலிருந்து உள்ளே மாற்றுவதை ஒரே நாளில் செய்யக் கூடாது. இடையில் சில வாரங்கள் திண்ணையிலோ திறந்த ஜன்னலோரத்திலோ வைத்து, உலரும் வேகம் குறைவதைப் பார்த்துக்கொண்டே நீரைக் குறைக்க வேண்டும்.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் விரல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். பழுப்பும் உலர்ந்ததும் சரசரப்பதும் இந்தச் செடியில் நலம். கறுப்பும் ஈரமும் குழைவதும் நோய்.

கன்றுகளைப் பற்றிய கேள்வி இன்னும் முடியவில்லை. கீழ் இரண்டு கன்றுகளில் ஒன்று, ஆய்வு செய்த அன்று அழுகல் இல்லாமல்தான் இருந்தது. அதை மட்டும் அன்றே பிரித்து உலர்ந்த பலகையில் கட்டியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்று பெண்மணி சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மறுமுறை இப்படி ஒரு செடி வந்தால், மேலே உலர்ந்த பகுதியில் உள்ள கன்றுகளைத் தாயோடு விட்டு, ஈரம் தேங்கும் கீழ்ப்பகுதியில் உள்ளவற்றைச் சிறியவை என்று பாராமல் அன்றே பிரிப்பது என்று இருவரும் உடன்பட்டிருக்கிறோம்.